யோர்தானுக்குப் போன சடை

என் கையெழுத்து, தேயிலைச் சரிவில் கூடையோடு ஏறுகிற ஆளைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் போகும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் சம்பள நாளில் கையெழுத்துப் போடத்தான். கோயில் மலருக்குத் தட்டச்சு செய்கிற பிள்ளை கோபப்படாமல் திருத்திக்கொள்ளட்டும்.

என்னோடு அதே லயன் வீடுகளில் வளர்ந்து, இன்று ஈப்போ, கிள்ளான் என்று மலையிறங்கிப் போய்விட்ட என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் என்னை 'ஹாஜி' என்றுதான் கூப்பிடுவீர்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஒருவனுக்கு இந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டிருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில், புனித நாடுகளுக்குக் குழுவாகப் போய் வந்தவர்கள் படம் போட்டுக் காட்டினார்கள். யோர்தான் ஆற்றில் மரப்படிகளில் இறங்கி, வெள்ளை அங்கியோடு நின்றிருந்தார்கள். அழகாக இருந்தது. "நம்ம எஸ்டேட் ஆளுங்க அந்தப் பக்கம் போனது இதான் மொத தடவ" என்று ஒருவர் மைக்கில் சொன்னார். நான் பின்வரிசையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. அது முதல் தடவை அல்ல. முதலில் போனது நாங்கள்.

எனக்கு மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஜனவரி மாதம். ஆண்டவர் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்ற திருநாள் ஞாயிறு. அப்பா பூசை முடிந்து நேரே வார்டுக்கு வந்து, அன்று வாசித்த சுவிசேஷத்தை அம்மாவிடம் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நேர்ந்துகொண்டார்: "ஏசப்பா, எம்புள்ளைய எனக்குக் குடுத்துரு. நீ எறங்குன அதே யோர்தான் தண்ணியில அவனுக்கு மொட்டை போடுறேன்."

மொட்டை நேர்வது நமக்குப் புதிதல்ல. பினாங்குப் பக்கம் அன்னம்மாள் கோயிலுக்கு நேர்வார்கள்; பஸ் ஏறினால் காரியம் முடிந்தது. அம்மா நேர்ந்ததோ கடலுக்கு அப்பால். காய்ச்சல் இறங்கியது. முடி வளர ஆரம்பித்தது. நேர்ந்த முடியில் கத்திரி படக் கூடாது.

என் சடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிடித்து இழுத்தவர்கள் நீங்கள்தானே. அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தினமும் காலையில் எனக்குத் தலை வாரிப் பின்னுவது அவள் வேலை. நம் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்திருக்கும். அடுப்போரம் வைத்து உருக்கி, உச்சந்தலையில் சூடாக ஊற்றுவாள். அது காதோரம் வழிகிறபோது கண் தானாக மூடும். கடைசியில் ஒரு சிவப்பு ரிப்பன். "எனக்குக்கூட இவ்வளவு முடி இல்ல. ஒனக்கு எதுக்குடா இது?" என்று பொறாமையோடு ஒரு குட்டு வைத்துத்தான் பள்ளிக்கு அனுப்புவாள்.

எனக்குச் சளி பிடித்தால்கூட அம்மாவின் முகம் மாறிவிடும். இரண்டு தும்மல் போட்டால் போதும், நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் போய் நிற்பார். பிடிவாதக்காரி என்று ஊரே சொன்னது. அது பிடிவாதம் அல்ல, பயம் என்று எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது. சொன்ன சொல் நிறைவேறாத வரைக்கும் நான் அம்மாவிடம் முழுதாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டவன் அல்ல.

மாதம் ஒரு முறை பூசை வைக்க வருகிற சாமியார் ஒருநாள் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்லிப் பார்த்தார். "அம்மா, நேர்ச்சைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு. இங்கயே முடிய எறக்கிட்டு ஒரு செபமாலை சொல்லுங்க, போதும்."

"அதிகாரம் இருக்கும் சாமி" என்றார் அம்மா. "ஆனா புள்ளையக் கேட்டது நானு, குடுத்தது அவரு. நடுவுல நீங்க வந்தா நல்லாவா இருக்கும்?"

சாமியார் சிரித்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாயையும் சொல்ல வேண்டும். நாங்கள் டவுனுக்குப் போனால் அவர் கடையில்தான் மீ கோரேங். என்னைப் பார்த்ததும், "தங்கச்சிக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். ஒரு வருஷம் அவர் ஹஜ்ஜுக்குப் போய்விட்டு மொட்டைத் தலையோடு வந்தார். என் முன்னால் குனிந்து தலையைக் காட்டினார். "பாத்தியாடா, நான் போட்டுட்டு வந்துட்டேன். ஒன்னோடது எப்ப லா?"

அம்மாவுக்கு அவர் கிண்டல் காதில் ஏறவில்லை. "பாய், அங்க முடி எடுக்குறது யாரு? அதுக்குன்னு ஆள் இருக்கா?"

"கடையும் இருக்கும்மா. இல்லன்னா ஆளுக்கு ஆள் எடுத்துக்குவோம். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் தலைய நான் செரச்சேன். எந்தலைய இன்னொருத்தன் செரச்சான். எந்த ஊர்க்காரன்னே தெரியாது."

அம்மா அதை வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தார்.

அப்பாவின் தங்கை கன்னியாஸ்திரி. ஜோர்டான் நாட்டில் அவருடைய சபை நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். எனக்குப் பத்து வயதானபோது, மடத்து விருந்தினர் அறையில் நாங்கள் வந்து தங்கலாம் என்று சொல்லி அனுப்பினார். ஆற்றின் பெயரே நாட்டுக்கும் பெயர் என்பதால், நாட்டில் காலை வைத்தால் ஆற்றில் காலை வைத்த மாதிரிதான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்துவிட்டோம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் அடுப்பைப் பார்ப்பவர். பேச்சுக் குறைவு. அம்மாவின் நேர்ச்சையைப் பற்றி ஒரு நாளும் நல்லதோ கெட்டதோ சொன்னதில்லை. ஒரு மாலை எங்கள் மாட்டுக் கொட்டகை காலியாக இருந்தது. பயணச் செலவுக்காகப் பசுக்களை விற்றுவிட்டிருந்தார். பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். அம்மா ஒரு பழைய அலுமினியத் தூக்குவாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு இரண்டு விமானம் மாறினார். மீதித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமாம்.

அங்கேயும் குளிர்தான். எல்லோரும் நடுங்குவார்கள் என்று அத்தை கம்பளி அடுக்கி வைத்திருந்தார். "இது என்ன குளிரு? எங்க மலைக்கு வந்து பாருங்க" என்று அம்மா பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. அந்தப் பெருமை இரவுச் சாப்பாடு வரைதான் இருந்தது.

"அண்ணி, ஆத்துக்குப் போக முடியாது" என்றார் அத்தை, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "அதுதான் எல்லை. அந்தக் கரையில ஒரு ராணுவம், இந்தக் கரையில ஒரு ராணுவம். பூமிக்குள்ள வெடி பொதச்சு வச்சிருக்காங்க."

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினார். "இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க என்னையும் பாத்துட்டு, புனித இடமெல்லாம் பாக்க வர்றீங்கன்னு நெனச்சேன். மொட்டைய இங்க ஆஸ்பத்திரி பார்பர்கிட்டயே எறக்கிக்கலாம், மந்திரிச்ச தண்ணி தெளிச்சுக்கலாம். அண்ணி, இங்க யாரும் இப்படிச் செய்றதில்ல. எங்க மடத்துத் தலைவி மதர் பாத்தா என்ன நெனப்பாங்க?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்தாள்.

ஆனாலும் ஊர் சுற்றினோம். மடத்து வேனில், வயதான அரபு டிரைவர் ஓட்ட, அத்தை எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். உப்புக்கடலில் மூழ்கவே முடியாது என்று அத்தை சொன்னதை அம்மா நம்பவில்லை. சேலையோடு இறங்கி மல்லாந்து படுத்ததும் தண்ணீர் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டது. அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். "ஏங்க, நான் கட்டையாட்டம் மெதக்கிறேன், பாருங்க!" அப்பா முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, தானும் மெல்லச் சிரித்தார். என் சடை காய்ந்தபோது உப்புப் பூத்துக் கயிறு மாதிரி விறைத்தது.

மாதபா என்ற ஊரில் ஒரு கோயில். தரையில் சின்னச் சின்ன நிறக் கற்களைப் பதித்து அந்த நாடுகளின் படம் செய்திருந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. அதில் யோர்தான் ஆறு, ஆற்றில் மீன்கள். ஒரு மீன் உப்புக்கடலின் வாய்வரை போய்விட்டுத் திரும்பி நீந்தியது. "மீனுக்கே வெவரம் இருக்கு பாரு" என்றார் அப்பா. பிறகு தயங்கி, "இந்தக் கல்லு ஆத்தையே யோர்தான்னு வச்சுக்கிட்டு முடிச்சிரலாமா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் அப்பா மீண்டும் மீனைப் பார்க்கப் போய்விட்டார்.

நேபோ மலையில் வெயில் இருந்தும் காற்று வெட்டியது. மோசே அங்கே நின்றுதான் வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்தார் என்று அத்தை சொன்னார். கீழே எல்லாம் மண் நிறம். நடுவில் பச்சை நூல் மாதிரி ஒரு கோடு. "அதான் யோர்தான்" என்றார். அம்மா முந்தானையைக் காற்றில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"மோசேவே இங்கேருந்துதான் பாத்தாரு" என்றார் அப்பா ஆறுதலாக. "அவராலயே போக முடியல. நாம எம்மாத்திரம்?"

"அவரு புள்ளைக்கு மொட்டை போடுறேன்னு நேந்துக்கலையே" என்றார் அம்மா.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். அப்போதுதான் அம்மா அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நீ சிஸ்டராப் போனப்ப மடத்துல ஒன் முடிய வெட்டுனாங்க. இடுப்பு வரைக்கும் இருந்த முடி. நாந்தான் பேப்பர்ல சுத்தி வீட்டுக்குக் கொண்டாந்தேன், வழியெல்லாம் அழுதுகிட்டு. அது சாமிக்குக் குடுத்ததுதானே? அத யாரும் தப்பா நெனக்கலையே. எம்புள்ள முடி மட்டும் ஏம்மா ஒனக்கு வெக்கமா இருக்கு?"

அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கை நெற்றியிலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு டிரைவரிடம் போய் அரபியில் ஏதோ பேசினார். டிரைவர் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். அத்தை விடவில்லை. "வாங்க" என்றார் எங்களிடம். "எதுவரைக்கும் விடுறாங்களோ அதுவரைக்கும் போவோம்."

மலையிறங்கி, காய்கறித் தோட்டங்களைத் தாண்டி, சாலை நேரானதும் ஒரு தடுப்புக் கட்டை. மணல் மூட்டைகள், துப்பாக்கியோடு சிப்பாய்கள். அவர்களுக்குத் தலைவராக நரைத்த மீசை வைத்த ஒரு சார்ஜன். அத்தை இறங்கிப்போய்ப் பேசினார். சார்ஜன் கையை விரித்தார். அத்தை திரும்பி வந்தார்.

"விட மாட்டாங்க அண்ணி."

"மொட்டைன்னு சொன்னியா?"

அத்தை சும்மா ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தார்.

அம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, நேரே சார்ஜனிடம் நடந்தார். தோட்டத்தில் பிந்தி வந்த நாளில், பேர் பதிகிற கிராணியிடம் போகிற நடை அது. என் ரிப்பனை உருவி, சடையைப் பிரித்துவிட்டார். முடி காற்றில் என் முகமெல்லாம் அடித்தது. அம்மா என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் என்று காட்டினார், வானத்தைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், கையைக் கத்தியாக்கி என் தலையில் இழுத்துக் காட்டினார், கடைசியாக ஆறு இருக்கிற திசையைக் காட்டினார்.

சார்ஜன் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் தலையைத் தடவிக்கொண்டு, "ஹஜ்?" என்று கேட்டார்.

அந்த ஒரு சொல் அம்மாவுக்குத் தெரியும். "ஆமா, அதான்! அதே மாதிரிதான் லா!" என்று தமிழிலேயே, சத்தமாகச் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும் என்பது போலக் கத்தினார். "எங்க ஊரு பாய்கூட போட்டுட்டு வந்தாரு!"

அத்தை பின்னால் ஓடி வந்தார். இந்த முறை எதையும் விடாமல், ஆஸ்பத்திரிக் கட்டில் முதல் பாய் கடைவரை மொழிபெயர்த்தார். சிப்பாய்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சார்ஜன் யோசித்துவிட்டுச் சொன்னதை அத்தை எங்களுக்குச் சொன்னார். "ஆத்துக்கு விட முடியாதாம். பையன் காலு போயிரும்ங்குறாரு. ஆனா தண்ணி வருமாம்."

அம்மாவின் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு ஒரு இளம் சிப்பாய் ஜீப்பில் போனான். அவன் வரும்வரை சின்னக் கண்ணாடிக் கோப்பைகளில் பால் இல்லாத இனிப்புத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். ஏதோ ஒரு இலை மணந்தது. அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "தூளு சுமாரு, போட்ட கை நல்ல கை" என்றார். வேனிலிருந்து எங்கள் எஸ்டேட் தேயிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து சார்ஜன் கையில் வைத்தார்.

வாளி திரும்பி வந்தது. அக்கா எட்டிப் பார்த்தாள். "ஐயே, நம்ம பெர்த்தாம் ஆத்துத் தண்ணியாட்டம் கலங்கலா இருக்கு!"

"வாய மூடு" என்றார் அம்மா. கண்ணில் தண்ணீர்.

இப்போது முடியை யார் எடுப்பது? அம்மா அதை யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. அப்பாதான் சட்டையின் உள்பையில் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். சவரக் கத்தி. ஊரிலேயே புதிதாக வாங்கிச் சாணை பிடித்து, யாரிடமும் சொல்லாமல், இரண்டு விமானம் மாறி, உப்புக்கடலையும் நேபோ மலையையும் சுற்றி, நெஞ்சுக்கு மேல் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அப்பாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது அவர் பார்த்த பார்வையில் தெரிந்தது.

மணல் மூட்டையில் என்னை உட்காரவைத்து, அம்மா கை நிறைய யோர்தான் தண்ணீரை அள்ளி என் தலையில் ஊற்றினார். எண்ணெய் ஊற்றின தலையில் ஜில்லென்று இறங்கியது. அப்பா கத்தியை வைத்தார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். சார்ஜன் அவர் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். அவரும் மக்கா போனவராம். கூட வந்தவர்களுக்கெல்லாம் தலை சிரைத்தவராம். அவர் விரல்களில் அந்த இலையின் மணம். ஒரு கீறல் விழவில்லை. அத்தை என் கழுத்தைச் சுற்றி மடத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காதான் அழுதாள், தினமும் பின்னியவள் அவள் அல்லவா.

முடியெல்லாம் சேர்த்து அம்மா ரிப்பனால் கட்டினார். அது ஆற்றில் போக வேண்டும். சார்ஜன் தன் கைக்குட்டையை விரித்து அதை வாங்கி மடித்து, ஜீப்பில் தானே ஏறிக்கொண்டார். தூசிக்குள் ஜீப் மறைந்தது. அத்தை மடத்தில் மணி அடிப்பதற்குள் திரும்ப வேண்டும், நாங்கள் காத்திருக்கவில்லை.

வேனில் அப்பா மெதுவாகக் கேட்டார். "ஆத்துல போட்டிருப்பானா?"

"போட்டிருப்பாரு" என்றார் அம்மா. அதோடு என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

கோலாலம்பூர் விமான நிலையத்தில், பாஸ்போர்ட் படத்தில் சடையோடு ஒரு பிள்ளையும் எதிரில் மொட்டைப் பையனும் நிற்பதைப் பார்த்து அதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார். அக்கா மலாயில் மூச்சு விடாமல் கதை முழுவதையும் சொன்னாள். அவள் கதையில் ஜீப் வருவதற்குள் முத்திரை குத்திவிட்டார்கள்.

தானா ராத்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாய் கடையிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கையாலும் என் தலையைத் தேய்த்தார். "வந்துட்டான்டா ஹாஜி! இனிமே ஒன்னைய தங்கச்சின்னா என் வாயில அடி!" கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று மீ கோரேங்குக்கு அவர் காசு வாங்கவில்லை. அப்பா எவ்வளவோ கெஞ்சியும் வாங்கவில்லை. பெயர் லயன் வீடுகளுக்கு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. நீங்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டீர்கள்.

வாளியில் மீதியிருந்த தண்ணீரை அம்மா வருஷம் முழுக்க வைத்திருந்தார். கோயிலில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும், சாமியாரிடம் சொல்லி ஒரு கரண்டி சேர்ப்பார். உங்கள் தம்பி தங்கைகளில் சிலர் யோர்தான் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். யார் யார் என்று கேட்டால் அம்மா இன்றும் பெயர் சொல்வார். லயன் வீடுகளை இடித்தபோது அந்த வாளி எங்கேயோ போய்விட்டது. கத்தியைக்கூட அப்பா சார்ஜனிடமே விட்டுவிட்டு வந்தார். அப்பா இப்போது இல்லை. அந்த ஊர்களுக்குப் போன அடையாளமாக எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை, என் பட்டப்பெயரைத் தவிர.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. எனக்கு இப்போது நேர்ச்சை இல்லாமலே தலை வழுக்கை. வருஷா வருஷம் இந்த ஞாயிறு, அந்தச் சுவிசேஷம் வாசிக்கிறபோது, அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி என் மண்டையை ஒரு தடவு தடவுவார். இன்று காலையும் தடவினார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இல்லை.

பூசை முடிந்து வருகிற வழியில், நம் பயணத்தை மலருக்கு எழுதப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நாலு எட்டு நடந்துவிட்டு நின்றார்.

"அந்த சார்ஜன் முடிய ஆத்துல போட்டிருப்பாருன்னும் எழுது."

"நாம பாக்கலையேம்மா."

"ஒனக்கு இப்ப அம்பது வயசு தாண்டிருச்சு" என்றார் அம்மா. "வேற என்னத்தப் பாக்கணும்?"

எழுதிவிட்டேன்.

2026 ஜனவரி 11, ஆண்டவருடைய திருமுழுக்கு விழா ஞாயிறு.